நடு ஆற்றில் எல்லை பேசியவர்

மேடையிலிருக்கும் மேயர் அவர்களே, பாதிரியார் அவர்களே, தீயணைப்பு வண்டிகளை மழையில் நிறுத்திவிட்டு இந்த மண்டபத்தை நமக்குத் தந்திருக்கும் வீரர்களே, அம்மையாரிடம் படித்த மாணவ மாணவியரே, ஓடம் ஏறி வந்திருக்கும் எங்கள் கரை மக்களே, ஒத்தோக் ஊர் மக்களே! ஸ்லோவேனியர்களே! குரோவேஷியர்களே! முரா ஆற்றின் எதிர்க்கரையைச் சேர்ந்த குரோவேஷியன் திராகுதின் மெசாரிச்சின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

எல்லை ஆணையர் டாக்டர் மார்யேட்டா ரிட்லாப் அம்மையாருக்கு அஞ்சலி செலுத்த என்னை ஏன் அழைத்தீர்கள்? அவர் உங்கள் நாட்டின் பிரதிநிதி. நான் எங்கள் நாட்டின் பிரதிநிதி. கூட்டு எல்லை ஆணையத்தின் மேசையில் அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவரை எதிர்த்துப் பேசத்தான் எனக்குச் சம்பளம். ஒரு மனிதரின் பெருமையை அவருடைய எதிராளி சொன்னால் நம்பலாம் என்று நினைத்தீர்கள் போலும். நம்புங்கள். சொல்கிறேன்.

ஒரே நாடாக இருந்தவரை நமக்குள் எல்லை எங்கே போகிறது என்று யார் கவலைப்பட்டோம்? நாடு உடைந்தது. வரைபடத்தில் தூங்கிக்கொண்டிருந்த கோடு எழுந்து நின்றது. எழுந்து பார்த்தால், ஆறு இடம் மாறியிருக்கிறது! பழைய தடத்தைக் கைவிட்டுப் புதுத் தடம் பிடித்ததில், எங்கள் ஊரான ஒத்தோக் உங்கள் கரையில் கிடக்கிறது. உங்கள் ஓக் மரக் காடு ஒன்று எங்கள் கரையில் கிடக்கிறது.

இரண்டு தலைநகரங்களுக்கும் ஒரே யோசனை தோன்றியது. ஆற்றின் நடுவே கோடு போடு, ஊர் உனக்கு, காடு எனக்கு, வேலை முடிந்தது! எனக்கும் அது பிடித்திருந்தது. அருமையான காடு, ஐயா!

யாருக்கு லாபம்? உங்கள் நாட்டுக்கு ஓர் ஊரே லாபம். யார் எதிர்த்தார்? உங்கள் நாட்டின் ஆணையர் எதிர்த்தார்! "ஒத்தோக் ஜனங்களக் கேட்டீங்களா, மெசாரிச்?" என்றார். "மக்களைக் கேட்டு முடிவுசெய்ய இது என்ன திருவிழாவா, டாக்டர்?" என்றேன். அவர் பேனாவை மூடினார். மறுநாள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஒத்தோக்குக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பாரா சாத்ராவெட்ஸ் அம்மாவின் வீட்டு வாசல் அது. வந்த காரியத்தை டாக்டர் சொன்னார். அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ராஜா வந்தான், போனான். கட்சி வந்துச்சு, போச்சு. ஒருத்தனும் வந்து எங்களக் கேட்டதில்ல. நீ கேக்குற. உள்ள வா, கிபானிட்ஸா தின்னுட்டுப் போ."

"நீங்க எந்த நாட்டுல இருக்க ஆசைப்படுறீங்கம்மா?"

"எம் புருஷன் அக்கரைக் கல்லறையில கிடக்காரு. பேரப்புள்ளைங்க அக்கரைப் பள்ளிக்கூடத்துல படிக்குதுங்க. பூசைக்கு அக்கரைக்குத்தான் போறோம். ஆறு புத்தி கெட்டுப்போய் இடம் மாறிடுச்சு. அதுக்காக நானுமா மாறணும்?"

வீடு வீடாகக் கேட்டார். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். அம்மையார் தன் அமைச்சகத்துக்குப் போய், தன் நாட்டுக்குக் கிடைக்கவிருந்த ஊரை வேண்டாம் என்றார். இப்படி ஒருவரை இன்னொரு நாட்டின் ஆணையத்தில் எனக்குக் காட்டுங்கள் பார்க்கலாம்!

அமைச்சகம் ஒப்பவில்லை. ஒரு காலை ஓடத்துறையில் உங்கள் போலீஸார் சங்கிலி கட்டினார்கள். செய்தி கேட்டு அக்கரையில் எங்கள் போலீஸார் துப்பாக்கியோடு வந்து இறங்கினார்கள். நடுவில் சிக்கியது ஒத்தோக். வைக்கோல் வாரும் கவைக்கம்புகளோடு ஆண்கள், பள்ளிப் பையோடு பிள்ளைகள். உடைந்த நாட்டின் மற்ற பகுதிகளில் அப்போது எப்படிப்பட்ட போர் நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் கல்லெடுத்து எறிந்திருந்தால் போதும்.

அம்மையார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு துறைக்கு வந்தார். சங்கிலியை ஒரு கால் தூக்கித் தாண்டினார், அவ்வளவுதான்! ஓடக்காரர் தோமோவிடம், "கயித்த அவுருங்க" என்றார். தன் பக்கத்துப் போலீஸ் அதிகாரியைப் பார்த்தார்.

"துப்பாக்கிய இங்கயே வெச்சுட்டு ஏறுங்க."

"உத்தரவு இல்ல, டாக்டர்."

"ஏறாதேன்னு உத்தரவு இருக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்ப ஏறுங்க."

அதிகாரி ஏறினார். அம்மையார் அக்கரைக்கு வந்து என்னையும் எங்கள் அதிகாரியையும் அப்படியே ஏற்றினார். ஓடம் நடு ஆற்றுக்கு வந்ததும், "நிறுத்துங்க தோமோ" என்றார். ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் ஓடம் ஆடிக்கொண்டு நின்றது.

"இங்க யாருக்கும் கரை கிடையாது. இப்பப் பேசலாம்."

பேசினோம். கத்தினோம். நான் காட்டைக் கேட்டேன். அவர் தரவில்லை. சாப்பாட்டு வேளை வந்தது, போனது. கரையிலிருந்து பாரா அம்மாவின் குரல் வந்தது: "பேசி முடிச்சாத்தான் சாப்பாடு! முடிக்காம ஒருத்தனும் இந்தப் பக்கம் வந்துராதீங்க!" அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் எங்கள் போலீஸ் அதிகாரி. பிறகு உங்கள் அதிகாரி. சிரித்த பிறகு எப்படி ஐயா சுடுவது?

பொழுது சாய்வதற்குள் முடிவு வந்தது. சங்கிலி போகும். ஓடம் ஓடும். ஊர் மக்கள் தடையில்லாமல் வந்து போவார்கள். அவர்களைக் கேட்காமல் பழைய எல்லைக்கோட்டை யாரும் நகர்த்தமாட்டார்கள். சங்கிலியைக் கட்டியவர்களே கழற்றினார்கள். ஒத்தோக் இன்றும் ஒத்தோக்காக இருக்கிறது. அங்கே ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை!

அதற்கு அம்மையாருக்குக் கிடைத்த பரிசு என்ன? பதவி பறிபோனது. ஒரு பத்திரிகை அவரை 'நாட்டை விற்றவள்' என்று எழுதியது. நான் கொதித்துப்போய்த் தொலைபேசியில் அழைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "விக்கணும்னா அது முதல்ல நம்மளோடதா இருக்கணுமே, மெசாரிச்."

அழுதாரா? மூலையில் முடங்கினாரா? இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போனார். உலகத்து எல்லைகளையெல்லாம் மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர்களை இந்த ஆற்றுக்குக் கூட்டிவந்து சேற்றில் இறக்கினார். எல்லைகளே இல்லாத உலகம் வேண்டும் என்று ஒரு மாணவன் உருகிப் பேசியபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "வேலி இல்லாத தோட்டத்துல பலசாலியோட மாடுதான் தம்பி மேயும். எல்லை வேணும். அது நியாயமா இருக்கணும். அதுல வாசல் இருக்கணும்."

பல வருடம் கழித்து இரண்டு நாடுகளும் ஒப்பி எல்லைச் சோதனைச் சாவடியைப் பிரித்தெடுத்த நாளில் நாமெல்லாம் நம் ஊர்த் தம்பூராக்களை மீட்டி ஆடினோம். அவர் ஒரு கிண்ணம் பிளம் சாராயம் குடித்துவிட்டு, "நம்ம கோடு சண்டையில்லாம நின்னுது. அதனாலதான் காவல் வேண்டாம்னு சொல்ல முடிஞ்சுது" என்றார். அந்தக் கர்வம் அவருக்குத் தகும். இன்று அது நமக்கும் தகும்!

தோழர்களே, மருத்துவமனையில் கடைசியாக அவரைப் பார்த்தேன். மூக்கில் குழாய். பேசக்கூடாது என்று செவிலியர் சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் பேசினார்.

"பழைய மாவு மில் பக்கத்துல இருக்கே எல்லைக்கல், அத நீ எங்க பக்கமா தள்ளி நட்டுட்ட. ஒரு வண்டி அகலம்."

"இல்ல டாக்டர். சரியான இடத்துலதான் இருக்கு."

"பிடிவாதக்காரன்யா நீ."

"நீங்க மட்டும் என்னவாம்?"

"நான் சரியா அளக்குறவ."

எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் என்னை மதித்திருக்கவே மாட்டார்.

ஆகவே இந்த மண்டபத்தில், உங்கள் அனைவரின் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். வரும் வியாழக்கிழமை, அவருடைய மாணவர்களும் என்னுடைய ஆட்களும் சேர்ந்து அந்த மில்லடிக்குப் போகிறோம். புதிதாக அளக்கிறோம். இனி ஒவ்வொரு வசந்தத்திலும் இந்த ஆற்றை நாம் சேர்ந்தே அளப்போம். அளவு அவர் சொன்னபடி வந்தால், இந்தக் கைகளாலேயே தோண்டி அந்தக் கல்லை நகர்த்தி நடுவேன். நான் சொன்னபடி வந்தால்?

வந்தால் என்ன! டாக்டர் மார்யேட்டா ரிட்லாப் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. மறுபடியும் அளக்கச் சொல்வார். மறுபடியும் அளப்போம்!