மூடியைத் திறக்காதீங்க, ஒட்டாவியோ

எர்மெஸ்: கேட்டியா? கேட்டியா நீவெஸ்? ஒரே திருகு! சாவியத் தொட்டேன், புடிச்சுக்கிச்சு!

நீவெஸ்: கேட்டேன், கேட்டேன். பக்கத்துத் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடு முதல்ல.

எர்மெஸ்: சோக்கே இழுக்கல. இந்த மலைக்குளிர்ல! போன வருஷம் இதே மாதிரி ஒரு சனிக்கிழமை...

நீவெஸ்: நான்தான் தள்ளினேன். என் இடுப்புக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

எர்மெஸ்: நாளைக்குப் பழைய கார் சங்க ஊர்வலத்துல கூரைய மடக்கிட்டு, கணவாய் உச்சி வரைக்கும் ஒரே மூச்சு! ரென்ஸோ அவன் வாசல்ல நிப்பான். நான் கைய இப்படி...

நீவெஸ்: கைய ஸ்டியரிங்ல வை, போதும். போன வருஷம் அவன்தானே நம்மள கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான். அந்தப் போட்டோ இன்னும் காபி பார்ல தொங்குது.

எர்மெஸ்: நாளைக்கு நானே போய் அதக் கழட்டறேன் பாரு.

நீவெஸ்: இன்னிக்கு சங்கத்துலேருந்து சோதனை பண்ண ஒட்டாவியோ வரட்டும் முதல்ல. அறுபத்தேழுல ஃபாக்டரிய விட்டு எப்படி வந்துச்சோ அப்படியே இருக்குன்னு அவர் சொல்லி அசல் தகடு குடுத்தாத்தான் முன் வரிசை. இல்லன்னா கடைசில போய் நிக்கணும், பார்க்க வந்தவங்க வண்டியோட.

எர்மெஸ்: குடுப்பாரு, குடுப்பாரு. சத்தத்தக் கேட்டாலே குடுத்துருவாரு. எல்லாத்தையும் திறந்தா பார்க்கப் போறாரு?

நீவெஸ்: பின்ன? பானெட்டத் திறப்பாரு. கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஒண்ணு விடமாட்டாரு.

எர்மெஸ்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியக் கூடவா?

நீவெஸ்: ஏன், உன் மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?

எர்மெஸ்: புகை... கண்ணுல புகை.

நீவெஸ்: புகையே இல்லன்னு இவ்ளோ நேரம் நீதான் பீத்திக்கிட்டிருந்தே.

எர்மெஸ்: நீவெஸ், ரென்ஸோவ நீ அன்னிக்கு அவ்ளோ பேசியிருக்கக் கூடாதோன்னு...

நீவெஸ்: ஏன் பேசக் கூடாது? பெட்ரோலுக்குக் கரண்ட் பம்ப் ஒண்ண ஒளிச்சு வச்சுக்கிட்டு அசல் வண்டின்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னான். சங்கக் கூட்டத்துல எழுந்து கேட்டேன். "இது காரா, மிக்ஸியா?"

எர்மெஸ்: எல்லாரும் சிரிச்சாங்க.

நீவெஸ்: நீதான் ரொம்பச் சிரிச்சே. மூணு வருஷம் அவன முன் வரிசையிலேருந்து தள்ளி வச்சாங்க. அதுக்குப் பழி தீர்க்கத்தானே போன வருஷம் கயிறோட ஓடி வந்தான். இப்ப நம்ம வண்டில ஒரு ஸ்க்ரூ மாறியிருக்குன்னு வை... நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா?

எர்மெஸ்: அது வந்து...

நீவெஸ்: என்னய்யா, எஞ்சின் மாதிரி நீயும் நின்னு போயிட்டே?

எர்மெஸ்: இல்ல... காபி போடட்டுமா?

நீவெஸ்: அதோ, வந்துட்டாரு. வாங்க ஒட்டாவியோ சார்! உள்ள வாங்க!

ஒட்டாவியோ: வணக்கம், வணக்கம். ஓ... என்னமா மின்னுது! இந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். எங்க சித்தப்பா வச்சிருந்தாரு, கூரை எப்பவும் ஒழுகும்.

எர்மெஸ்: இது ஒழுகாது சார். கூரைத் துணியப் பாருங்க! தையலப் பாருங்க. நல்லா பாருங்க, அவசரமே இல்ல.

ஒட்டாவியோ: பார்த்துட்டேன். அருமை.

எர்மெஸ்: சீட்டு? உக்காந்து பாருங்களேன். சாஞ்சு உக்காருங்க. மொர்ததெல்லா இறைச்சி வச்சு ரொட்டி இருக்கு, கொண்டு வரேன். சீட்டுலயே சாப்பிடலாம்.

நீவெஸ்: அந்த சீட்டுல சாப்பிடவா? என்னை ஒரு தண்ணி பாட்டில் கூட உள்ள கொண்டு போக விடமாட்டியே!

ஒட்டாவியோ: அப்புறம் சாப்பிடறேன் எர்மெஸ். எஞ்சின் நம்பர் சரி... ரெண்டு கார்புரேட்டரும் அசல்... பம்ப்பும் அசல். சரி, இந்த மூடியத் திறந்துடலாமா?

எர்மெஸ்: வேண்டாம்!

ஒட்டாவியோ: என்ன?

எர்மெஸ்: இல்ல... சூடா இருக்கும். இப்பதான் ஓட்டினோம்.

ஒட்டாவியோ: சரி, ஆறட்டும். மூக்குக் கண்ணாடிய என் வண்டிலயே வச்சுட்டு வந்துட்டேன், எடுத்துட்டு வந்துடறேன்.

நீவெஸ்: மெதுவா வாங்க சார்.

எர்மெஸ்: நீவெஸ். இங்க வா. கிட்ட வா.

நீவெஸ்: சொல்லு.

எர்மெஸ்: திட்டாதே.

நீவெஸ்: சொல்லித் தொலை.

எர்மெஸ்: அந்த மூடிக்குள்ள... தீப்பொறிக்கு இருக்கற அசல் பாயிண்ட் இல்ல. கழட்டிட்டேன். ஒரு எலெக்ட்ரானிக் டப்பா வாங்கி வச்சிருக்கேன். தீப்பெட்டி அளவுதான். வெளியேருந்து பார்த்தா தெரியாது. அதனாலதான் ஒரே திருகுல புடிக்குது.

நீவெஸ்: ஓ.

எர்மெஸ்: "ஓ"வா? அடி, கத்து, ஏதாவது பண்ணு!

நீவெஸ்: எதுக்கு வச்சே?

எர்மெஸ்: போன வருஷம் மழையில, ரென்ஸோ கயித்துல தொங்கிட்டு வந்தோமே... நீ ஜன்னல் பக்கம் திரும்பி அழுதே. நான் பார்க்கலன்னு நெனச்சே. எனக்கு அதத் தாங்க முடியல நீவெஸ். ஒரு தடவையாவது உன்ன அந்த உச்சிக்குக் கூட்டிட்டுப் போயிடணும்னு...

நீவெஸ்: அவர் வராரு. நேரா நில்லு.

எர்மெஸ்: வண்டிய எடுத்துட்டு ஓடிடலாமா? ஒரே திருகுதான்!

நீவெஸ்: நேரா நில்லுன்னேன்.

ஒட்டாவியோ: ஆறியிருக்கும்ல? கிளிப்ப எடுக்கறேன்.

எர்மெஸ்: இருங்க சார். மூடியைத் திறக்காதீங்க, ஒட்டாவியோ. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். உள்ள இருக்கிறது அசல் இல்ல. எலெக்ட்ரானிக். நான்தான் வச்சேன், இவளுக்கு ஒண்ணும் தெரியாது. சங்கத்துல என் பேரச் சொல்லுங்க, என்னை மட்டும் தள்ளி வைங்க. அவ யாரையும் ஏமாத்தற ஆளில்ல.

ஒட்டாவியோ: அப்படியா...

எர்மெஸ்: அசிங்கமா இருக்கு சார். ஆனா அவள யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

ஒட்டாவியோ: நான் காதால கேட்டத எழுதறதில்ல எர்மெஸ். கண்ணால பார்த்ததத்தான் எழுதுவேன். கைய எடுங்க... ம்ம்.

எர்மெஸ்: பார்த்தீங்களா? கறுப்பு டப்பா.

ஒட்டாவியோ: டப்பாவா? எங்க?

எர்மெஸ்: அங்கதான்... அந்த... என்னது இது?

ஒட்டாவியோ: பாயிண்ட். பளபளன்னு இருக்கு. இடைவெளி அளந்து பார்க்கவே வேண்டாம் போல. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு கூட ஆடல! இந்த வயசு வண்டில ஆடாத தண்ட நான் பார்த்ததே இல்ல. யாரு வேலை?

எர்மெஸ்: எனக்கு... எனக்குத் தெரியாது சார்.

ஒட்டாவியோ: யாரு வேலையா இருந்தா என்ன, தகடு உங்களுக்குத்தான். நாளைக்கு முன் வரிசை. அந்த ரொட்டி எங்க இருக்கு? சமையக்கட்டுலயா? நானே எடுத்துக்கறேன்.

எர்மெஸ்: நீவெஸ்!

நீவெஸ்: கத்தாதே, அவர் ரொட்டி தொண்டைல சிக்கிடப் போகுது.

எர்மெஸ்: தகடு! முன் வரிசை! ஐயோ... இரு, இரு. அப்ப இத்தனை நாளா ஒரே திருகுல புடிச்சது?

நீவெஸ்: என் பாயிண்ட்டுலதான். நீ உங்க அக்காவப் பார்க்க ஃபெர்ராரா ஊருக்குப் போனியே, அன்னிக்கு பிளக்கத் துடைக்கப் போய் மூடியத் திறந்தேன். உன் டப்பா பல்ல இளிச்சுது. கோவத்துல புடுங்கி மூலைல எறிஞ்சேன். அப்புறம் தண்டப் புடிச்சு ஆட்டினா, லொடலொடன்னு ஆடுது. தண்டத் தாங்கற புஷ் தேஞ்சு கெடக்கு! இத்தனை வருஷமா ஒரு பாவமும் பண்ணாத பாயிண்ட்டத் திட்டிக்கிட்டிருந்திருக்கோம். நான் வேலை பார்க்கற பட்டறை லேத்துல புஷ்ஷ நானே கடைஞ்சு போட்டு, நீ கழட்டி வச்ச பாயிண்ட்டத் தேச்சு மறுபடியும் மாட்டினேன்.

எர்மெஸ்: நான் அந்த டப்பாவுக்கு மனசுக்குள்ள தினமும் நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன்டி!

நீவெஸ்: தெரியும். பானெட்டத் தட்டித் தட்டிக் குடுத்தியே.

எர்மெஸ்: ஏன் என்கிட்ட சொல்லல?

நீவெஸ்: நீ சொல்லுவேன்னு பார்த்தேன். தினமும் ஒரு சுத்து ஓட்டிட்டு உள்ள வருவ, வாயத் திறப்ப... "காபி இருக்கா?"ன்னு கேப்ப.

எர்மெஸ்: இன்னிக்கும் நான் சொல்லாமலே இருந்திருந்தா? நீ பாட்டுக்கு நிம்மதியா நின்னே!

நீவெஸ்: நிம்மதியாவா? நேத்து நீ குளிக்கப் போனப்ப, அவர் முன்னாடி நீ முழிக்கட்டும்னு அந்த டப்பாவ மறுபடியும் உள்ள மாட்டினேன். என் மானமும் சேர்ந்துதான் போகும்னு தெரிஞ்சேதான் மாட்டினேன், அவ்ளோ ஆத்திரம். ராத்திரி மனசு கேக்கல, காலைல நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள ஓடி வந்து கழட்டிட்டு, பாயிண்ட்ட வச்சேன். நகரு, இப்ப நான் ஓட்டறேன்.