இறங்குகிற வழி

மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஐயா, ஆனால் சூடு போதாது. அதனால் தேயிலையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும். என் விடுதித் தேநீரை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. லோட்டாருக்கும் அவர் மகள் ரெகுலாவுக்கும் அன்று விடியற்காலையில் குடுவை நிறைய ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரையும் தாராளமாகப் போட்டேன். அவர்களை நான் கவனிக்கவில்லை என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

முந்தின நாள் மாலை லோட்டார் உள்ளே நுழைந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் என்னைத் தெரியவில்லை. மலை வழிகாட்டியான என் கணவர் தியோடுல் இந்த மாட்டர்ஹார்ன் மலை முகட்டில் விழுந்து இறந்தபோது, அவர் மலையேற்றிக் கூட்டிப்போயிருந்த ஆள் லோட்டார்தான். அவர் பிழைத்ததற்காக நான் வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். மலையில் சாவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஆனால் அவர் விசாரணையில் உட்கார்ந்துகொண்டு, இறங்கும்போது வழிகாட்டிக்கே வழி தப்பிவிட்டது என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. சொந்த மலையில் வழி தப்பிய கைடு என்றால் எங்கள் ஊரில் அவன் செத்தும் மானம் போனவன். அடக்கத்தன்று மற்ற கைடுகள் என் கையைப் பிடித்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது லோட்டார் பக்கத்து மேசைக்காரர்களிடம் கதை அளந்துகொண்டிருந்தார்.

"போன தடவ ஒரு கைடைக் கூட்டிட்டு வந்தேன். அந்தாளு நடுவழில திருதிருன்னு முழிச்சுட்டு நின்னாரு. இந்தத் தடவ கைடும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு எம் பொண்ணு இருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"சும்மா இருங்கப்பா, செத்துப்போனவரப் பத்திப் பேசறீங்க" என்றாள் ரெகுலா. பிறகு அவளாகவே சமையலறைக்கு வந்து துண்டை எடுத்து, நான் கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். நல்ல பெண். எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை.

படுக்கப் போகுமுன் லோட்டார் தன் வழிப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

"இதுல போட்டிருக்கிற வழி இன்னும் அப்படியேதானேங்க இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு" என்றேன்.

அப்படி இல்லை. ஜூலையில் மலை சரிந்தது உங்களுக்கே தெரியும். நடுவழியில், ஆபத்தில் ஒதுங்குவதற்கென்று ரேடியோவோடு இருக்கும் அவசரக் குடிலுக்குக் கீழே, இறங்கும்போது வலது பக்கம் ஒரு பாறைத் திட்டு உண்டு. காலங்காலமாக அதன்மேல்தான் எல்லோரும் இறங்கினார்கள். அது பாதியோடு போய்விட்டது. மிச்சமிருப்பது காலை வைத்தால் நகரும். இப்போது இடது பக்கமாக, முகட்டின் விளிம்பை ஒட்டித்தான் இறங்க வேண்டும். கதவில் இதை எழுதி ஒட்டியிருந்தேன். மழையில் ஊறிப்போனதால் முந்தின வாரம் கிழித்து அடுப்பில் போட்டேன். மறுபடி எழுத நேரம் கிடைக்கவில்லை. அதை இதோடு சேர்க்காதீர்கள்.

ஏறும்போது யாருக்கும் ஆபத்தில்லை. எங்கள் வழக்கப்படி கைடுகள் முதலில் கிளம்புவார்கள், மற்றவர்கள் அவர்கள் விளக்கைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவார்கள். இறங்கும்போதுதான் கைடுகள் வேகமாகக் கீழே வந்துவிடுவார்கள், மற்றவர்களுக்குத் துணை இருக்காது, இருட்டில் ஏறிய வழியும் அடையாளம் தெரியாது. நான் எதிர்பார்த்ததெல்லாம் அவ்வளவுதான். அந்த இடத்தில் நின்று அவரும் திருதிருவென்று விழிக்கட்டும். வழி தப்புவது என்றால் என்னவென்று தெரிந்துகொண்டு, வெட்கப்பட்டு, திரும்பி மேலே ஏறிக் குடிலில் உட்காரட்டும்.

கிளம்பும்போது தலைமை கைடு அம்புரோஸ் என்னைக் கேட்டான். "அக்கா, சரிஞ்ச எடத்தப் பத்தி அந்த அப்பா பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லாம இருப்பேனா? நீ போ" என்றேன்.

மதியம் அவன் தான் கூட்டிப்போன ஆளோடு இறங்கி வந்துவிட்டான். "அவங்க ரொம்ப மெதுவா வர்றாங்க அக்கா. மேகம் வேற எறங்குது. நான் பாதி தூரம் போயி நிக்கவா?" என்றான். அவன் முகத்தில் களைப்பு இருந்தது. சூப்பை ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

அதன்பிறகுதான் ரேடியோ கூப்பிட்டது. அவசரக் குடிலிலிருந்து ரெகுலா பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க குரலக் கேட்டதும்தான் உயிரே வருது. அப்பா வலது பக்கம்ங்கிறாரு, புக்லயும் அப்படித்தான் இருக்கு. ஆனா அங்க பாறை புதுசா ஒடஞ்ச மாதிரி தெரியுது. எனக்குப் பயமா இருக்கு. எந்தப் பக்கம் எறங்கணும்?"

அம்புரோஸ் சாப்பாட்டு அறையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை.

"அப்பா சொல்றது சரிதாம்மா. வலது பக்கமே எறங்குங்க" என்றேன்.

"தேங்க்ஸ்க்கா. கீழ வந்ததும் உங்க சூப்புதான் வேணும்."

நான் ரேடியோப் பெட்டியை வைத்துவிட்டேன். இறங்கும்போது கயிற்றில் அனுபவம் குறைந்தவர் முன்னால் போவார், பழகியவர் மேலே நின்று கயிற்றைப் பிடிப்பார். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ரெகுலாதான் முன்னால் இறங்குவாள் என்று எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். பெட்டியை வைத்த உடனே தோன்றியது. மறுபடி கூப்பிட்டிருந்தால் அவள் இன்னும் குடிலில்தான் இருந்திருப்பாள். அடுப்பில் பால் பொங்கியது, இறக்கி வைத்தேன்.

கூரான பாறை கயிற்றை அறுத்துவிட்டது என்றார்கள். ஹெலிகாப்டர் லோட்டாரைக் காலொடிந்தபடி உயிரோடு கொண்டுவந்தது. ரெகுலாவின் உடலைத் தேடிக் கீழே பனிப்பாறைக்குப் போக வேண்டியிருந்தது. நான் இரண்டு கம்பளி எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, விடுதிக்காரிதான் அந்தப் பக்கம் இறங்கச் சொன்னாள் என்கிறாராம். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. "போன தடவ கைடு மேல பழி, இந்தத் தடவ கைடு பொண்டாட்டி மேல பழியா? இந்தாளுக்கு இதே பொழப்பு" என்று அம்புரோஸ் உங்கள் முன்னாலேயே கத்தினான். நீங்களும் அவர் பேச்சைத் தள்ளிவிட்டு, வழி தப்பியது அவர் தவறு என்று முடிக்கப் போகிறீர்கள். அதனால்தான் வந்தேன். என் கணவருக்கு ஆன மானக்கேடு அவருக்கும் ஆகட்டும் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் அது சரியாக வராது.

தியோடுல் இறந்த அந்தக் கோடையில் அவருக்கு இடது கண் மங்கிவிட்டது. மாடிப்படியிலேயே தடுக்கிக்கொண்டிருந்தார். கைடுகளிடம் சொல்லாதே, தொழில் போய்விடும் என்றார். நான் சொல்லவில்லை. லோட்டாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்று கயிற்றைச் சுருட்டி அவர் தோளில் மாட்டி விட்டதும் நான்தான். அந்தக் கண்ணோடு தியோடுலுக்கு வழி தெரிந்திருக்க முடியாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. லோட்டார் இப்போது சொல்வது உண்மை. போன தடவை சொன்னதும் உண்மைதான். ஆனால் உண்மையென்றாலும், சாப்பாட்டு மேசையில் அத்தனை பேர் முன்னால் சிரித்துக்கொண்டா சொல்வார்கள்?