பட்டியல் மூடிய பிறகு

கிரிக்கெட் கழகத்துக்குக் கோடையில்தான் வேலை என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அது சரியில்லை, தம்பி. உண்மையான வேலை குளிர்காலத்தில்தான். அடுத்த வருடம் யார் விளையாடுவது, யாரை விடுவது, யாரை மற்றக் கழகம் கொத்திக்கொண்டு போகப்போகிறது, எல்லாம் ஏப்ரலுக்கு முன்பே முடிந்துவிடும்.

நீர் லண்டனுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதனால் தொடக்கத்தில் இருந்தே சொல்கிறேன். நீர் கேட்டதற்குப் பதில் அப்போதுதான் விளங்கும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தமிழ்க் கழகங்களின் கிண்ணத்தை இறுதி ஆட்டத்தில் மூன்று ஓட்டத்தால் விட்டோம். செவன் கிங்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போனார்கள். கழகம் தொடங்கி ஏழு வருடம், ஒரு கிண்ணம்கூட இல்லை. நான் செயலாளர். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் தோர்ண்டன் ஹீத்தில் பாலேந்திராவின் கடைக்குள் ஒரே வாக்குவாதம். அரிசி மூட்டைகளுக்கு மேல் ஏறி இருந்துகொண்டு கத்துவோம். கறிவேப்பிலை வாங்க வந்த பெண்கள் எங்களை விலத்திக்கொண்டுதான் போவார்கள்.

"உந்த முருகேசனை வைச்சுக்கொண்டு கிண்ணத்தைக் கனவிலயும் காணேலாது," என்பார் பாலேந்திரா. "பந்து அவரின்ர காலுக்குள்ளால போய் எல்லையைத் தொட்டிடும். மனுசன் அதுக்குப் பிறகுதான் குனிவார்."

"நீங்கள் ஒருக்கா குனிஞ்சு காட்டுங்கோவன் அண்ணை. வண்டி வயிறு விடுதோ பாப்பம்," என்பார் முருகேசன்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதே ஜனவரியில் தலையில் இடி விழுந்தது. எங்கள் தொடக்க ஆட்டக்காரர் இரண்டு பேரையும் செவன் கிங்ஸ்காரர் எடுத்துவிட்டார்கள். ஒருவருக்குப் பெற்றோல் செட்டில் வேலை, மற்றவருக்கு இருக்க அறை. அந்த அறையை நானும் பார்த்துக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நம்பி இருக்க மிஞ்சியது ஒரே ஒரு ஆள், கிறிஸ்துராஜா. உம்முடைய அத்தான்.

அவன் பந்து போட்டு நீர் பார்த்ததில்லை. ஏழெட்டு அடிதான் ஓடி வருவான். பந்து நேரே போகிறது என்று மற்றவன் துடுப்பை நீட்டுவான். கடைசி நேரத்தில் அது உள்ளே திரும்பி விக்கெட்டைக் கொண்டுபோகும். அவன் இருந்தால் எங்களுக்குக் கிண்ணம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. கடைக்குள் எவ்வளவு கத்தினாலும் கடைசியில் எல்லோரும் வந்து நின்றது அந்த இடத்தில்தான்.

அவன் சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தான். நாலு வருடத்தில் ஐந்து அறை மாறினான். போன் இல்லை. அந்த நாளில் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு என் வீட்டு நம்பர்தான் நம்பர், என் முகவரிதான் முகவரி. நான் விடிய ஷிப்ட் முடித்துப் பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். என் மனைவி சிவனேஸ்வரி அப்போது வேலையில். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வந்து சேர்கிறவர்கள் எனக்குப் போன் எடுப்பார்கள், நான் போய் உரியவரிடம் சொல்வேன். பிள்ளை பிறந்தது, தாய் செத்தது, தம்பி பிடிபட்டது எல்லாம் என் வாயால்தான் போயின. ஒருநாளும் ஒரு செய்தியை நான் பிந்திச் சொன்னதில்லை. யாரிடமும் கேட்டுப் பாரும்.

பெப்ரவரியில் கிறிஸ்துராஜா என்னிடம் வந்தான். "அண்ணை, பியற்றிஸுக்கு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடப் பாஸ் கிடைச்சுக் கொழும்புக்கு வந்திட்டாளெண்டால், நான் அடுத்த கிழமையே திருச்சிக்குப் போயிடுவன். அவளையும் அங்க கூப்பிட்டு அங்கயே இருந்திடுவம். லண்டன் எனக்குக் காணும்."

கலியாணம் முடித்து ஒரு வருடத்தில் உம்முடைய அக்காவைப் பிரிந்து வந்தவன். "போ ராசா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

போட்டி விதி ஒன்று இருக்கிறது. ஏப்ரல் முப்பதாம் திகதிக்குள் பதினெட்டுப் பேரின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒருவரையும் சேர்க்க முடியாது. அவன் பெயரை முதலாவதாக எழுதிக் கொடுத்தேன்.

உம்முடைய அக்கா எனக்கு எடுத்தது மே ஆறாம் திகதி. இதை நீர் கவனிக்க வேண்டும். ஒரு கிழமை முந்தி எடுத்திருந்தால் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். குட்மேய்ஸில் வேகமாகப் போடக்கூடிய ஒரு பெடியன் இருந்தான், அவனைப் பதிந்திருப்பேன். பட்டியல் மூடிய பிறகு என்னால் என்ன செய்ய முடியும்?

"அண்ணை, நான் பியற்றிஸ். வெள்ளவத்தையில லொட்ஜில நிக்கிறன். அவரிட்ட வந்திட்டன் எண்டு சொல்லுங்கோ," என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"ஓம் பிள்ளை, சொல்லுறன்," என்றேன்.

சொல்லத்தான் புறப்பட்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பு வரை போனேன். வருகிற ஞாயிறு முதல் ஆட்டம். அது மட்டும் முடியட்டும் என்று திரும்பி வந்தேன். அந்த ஞாயிறு அவன் ஆறு விக்கெட் எடுத்தான். பாலேந்திரா அவனைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

உம்முடைய அக்கா லொட்ஜில் விட்டுப்போன பையில் இருந்த, என் நம்பர் போட்ட போன் சீட்டுகள் என்று நீர் மேசையில் வைத்திருப்பவை பதினொன்று. கணக்குச் சரி. கிழமைக்கு ஒருதரம் எடுப்பார். ஷிப்ட் மாறிவிட்டது என்றேன். அறை மாறிவிட்டான் என்றேன். இரண்டும் ஓரளவு உண்மை. ஒருமுறை மட்டும், "சொல்லிப்போட்டன் பிள்ளை, எடுப்பார்," என்று சொன்னேன். அது பொய், ஒத்துக்கொள்கிறேன். ஜூனில் அவன் பெயருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்றும் வந்தது. அதை நான் பிரிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கில்லை.

கடைசியாக எடுத்தது ஜூலை பத்தொன்பது. அன்று குரல் மிகவும் தணிந்திருந்தது.

"அண்ணை, ஒளிக்காமச் சொல்லுங்கோ. அவருக்கு அங்க வேற ஆரும் இருக்கினமோ?"

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார். இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை, தம்பி. நான் பேசாமல் இருந்தேன்.

"சரி அண்ணை, விளங்குது. நான் வீட்ட போறன். அவரை ஒண்டும் பேசாதேங்கோ," என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உமக்குத் தெரியும். ஆகஸ்ட் மூன்றாம் திகதி, யாழ்ப்பாணத்துக்குத் திரும்புகிற வழியில், கிளாலிக் கடலில் அந்தப் படகு கரைக்கு வந்து சேரவில்லை. இரண்டு நாளில் உம்முடைய பெரியப்பா கொழும்பில் இருந்து எனக்கு எடுத்தார். அரையிறுதி பதினைந்தாம் திகதி, இறுதி இருபத்தொன்பதாம் திகதி. போன உயிர் போய்விட்டது. அவன் அன்றைக்கு அறிந்தாலும் மூன்று கிழமை கழித்து அறிந்தாலும் அது திரும்பி வரப்போவதில்லை. அப்படித்தான் யோசித்தேன்.

கிண்ணத்தை வென்றோம். அவன் ஐந்து விக்கெட். தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அவன் சிரித்ததை அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன்.

திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். செய்தி பிந்தி வந்தது என்றேன். அந்த நாளில் எல்லாச் செய்தியும் பிந்தித்தான் வந்தது, ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. பூசைக்குச் சொன்னதும் நான்தான், சாப்பாடு ஒழுங்குபடுத்தியதும் நான்தான். அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். நடிப்பில்லை, தம்பி.

ஆனால் அதைவிடப் பெரிய அழுகை பிறகுதான் வந்தது. உம்முடைய பெரியப்பா எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் என் வாசலில் நின்றான்.

"அண்ணை, மூண்டு மாதம் கொழும்பில நிண்டிருக்கிறாள். ஒருக்கா எனக்கு எடுக்கேல்லையே. உங்கட நம்பர் இருந்ததுதானே. நான் என்ன பிழை விட்டனான்?"

நான் அவன் தோளில் கை வைத்தேன். "பெண்களின்ர மனசு ஆருக்குத் தெரியும்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அன்றில் இருந்து அவன் அவருடைய பெயரைச் சொல்வதில்லை. கலியாணப் படத்தைக் கழற்றிவிட்டான். தன்னை வேண்டாம் என்று விட்டுப் போனவள் என்றுதான் இந்த மூன்று வருடமும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கடலில் நடந்தது என்று ஊரே சொல்கிறது. நான் வாய் திறந்திருந்தால் உம்முடைய அக்கா அந்தப் படகில் ஏறியிருக்க மாட்டார். திருச்சியில் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருந்திருப்பார்கள். அதை நான் செய்தேன். மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்.

நீர் அவனிடம் போய்ச் சொல்லத்தான் போகிறீர். சொல்ல வேண்டியதுதான், அது அவனுக்குச் சேர வேண்டியது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஒரு வருடம் ஒன்றும் விளையாடாமல் படுத்துக் கிடந்தவனை நான்தான் கெஞ்சி மைதானத்துக்குக் கூட்டி வந்தேன். இந்த வருடம் அவன்தான் தலைவன், பந்தும் பழையபடி திரும்புகிறது. இப்போது மே மாதம். ஆகஸ்ட் முடியும் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், தம்பி.