நடுப்படியைப் பிடுங்காதீர்கள்

மணிக்கட்டில் கடிகாரமும் கண்ணில் கண்டிப்புமாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத் தலைவர் ஐரா ஹக்கராய்னென் அம்மையார் அவர்களே, கொய்வுலாம்பி ஊராட்சி மன்றத்தின் மாண்புமிகு உறுப்பினர் பெருமக்களே, அனுபவத்தால் நரைத்தும் ஆர்வத்தால் நரைக்காமலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, உறைபனியில் பிள்ளைகளை எழுப்பி, உடுத்தி, உருட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு அதன் பிறகே காப்பி குடிக்கும் தாய்மார்களே, அந்தக் காப்பியை முதலிலேயே குடித்துவிடும் தந்தைமார்களே, இன்று நமக்கு ஏலக்காய் பன் சுட்டுத் தந்த சமையற்கூடத் தோழியரே, முன்வரிசை நாற்காலிகளே!

ஆம், நாற்காலிகளையும் விளித்துத்தான் ஆகவேண்டும். முன்வரிசையில் அவற்றைத் தவிர வேறு யாரும் உட்காரவில்லை. ஊரே கடைசி மூன்று வரிசைகளில் அடைந்து கிடக்கிறது. இடம் இல்லாமல் சுவரோரம் நிற்கிறார்களே தவிர, முன்னால் வந்து உட்கார ஒருவருக்கும் மனம் வரவில்லை. அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் ஹில்க்கா ருஸ்கானென். இந்தப் பள்ளியின் துணைப்பாட ஆசிரியை. பிறந்ததும் வளர்ந்ததும் சாவோ வட்டாரத்து மண்ணில். சாவோக்காரர் வாயைத் திறந்தால், சொன்னதற்குப் பொறுப்பு கேட்டவருக்கு என்பது ஊரறிந்த பழமொழி. எனவே இனி நான் பேசப்போவதில் ஏதாவது பிசகு இருந்தால், தயவுசெய்து உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? நம் பள்ளியில் மூன்று படிகள் இருக்கின்றன. கல்லால் கட்டியவை அல்ல, கவனத்தால் கட்டியவை. முதல் படி எல்லாப் பிள்ளைக்கும் உரியது. வகுப்பறையிலேயே, ஆசிரியர் கையிலேயே, தடுக்கினால் தாங்கிக்கொள்வது. இரண்டாம் படி, கொஞ்சம் கூடுதலாகத் தடுக்குகிற பிள்ளைக்கு. வாரத்தில் சில மணி நேரம் நூலகத்தை ஒட்டிய சின்ன அறைக்கு வந்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர, தெளிந்துகொண்டு வகுப்புக்குத் திரும்புவது. மூன்றாம் படி, பெரிய துணை தேவைப்படும் பிள்ளைக்கு. தனிப் பாடத்திட்டம், தனி வகுப்பு. அந்த வகுப்பு நம் ஊரில் இல்லை. டாக்சியில் நகரத்துக்குப் போகவேண்டும்.

இதில் நடுப்படியை எடுத்துவிடலாம் என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. சின்ன அறையைப் பூட்டிவிடலாமாம். பிள்ளை நன்றாக இருந்தால் முதல் படி, இல்லையென்றால் நேரே மூன்றாம் படி. "எளிமையா இருக்கும்" என்கிறார் முன்மொழிந்த நம் மன்ற உறுப்பினர் தர்மோ கார்வினென். அதோ, தூணுக்குப் பின்னால் பாதி தெரிகிறார். தர்மோ, முழுசாகவே தெரியலாம், நாம் எல்லாரும் வேண்டியவர்கள்தான்.

இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கப்போகிறீர்கள். தூக்குவதற்கு முன் ஒரு சிறுமியின் கதையைக் கேளுங்கள். பெயர் சைமி. வயது ஒன்பது. மேடையில் சொல்லலாமா என்று அவளிடமும் கேட்டேன், அவள் அப்பா எஸ்கோவிடமும் கேட்டேன். சைமி, "என்னைப் பத்தி நல்லா சொல்லுங்க டீச்சர்" என்றாள். எஸ்கோ, "சொல்லுங்க" என்றார். ஒரே சொல். மரம் வெட்டும் இயந்திரத்தோடு காட்டுக்குள்ளேயே காலம் கழிக்கும் மனிதருக்கு அது ஒரு முழுச் சொற்பொழிவு.

சைமி வகுப்பில் எப்படி இருந்தாள் தெரியுமா? மௌனமாக. சத்தம் இல்லை, சண்டை இல்லை, சந்தேகம் இல்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் வகுப்பாசிரியர் சாமுலி எஸ்கோவிடம் என்ன சொன்னார்?

"உங்க பொண்ணால ஒரு தொந்தரவும் இல்லைங்க. இருக்கற இடமே தெரியாது. ரொம்ப நல்லா போகுது."

எஸ்கோ தலையாட்டினார். பெருமைதான், வேறென்ன? நம் நாட்டில் இதைவிட உயர்ந்த விருது உண்டா? மௌனமாக இருப்பவன் அறிவாளி, மௌனமாக இருப்பவள் நல்ல பிள்ளை, மௌனமாக இருக்கும் அண்டைவீட்டுக்காரர் ஆண்டவன் கொடுத்த வரம். சிரிக்கிறீர்கள். போன மார்கழியில் என் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கார் பனிப்பள்ளத்தில் பக்கவாட்டில் கிடந்தது. மனிதர் பக்கத்தில் நிற்கிறார். நான் வண்டியை நிறுத்தி, "உதவி வேணுமா?" என்றேன். "வேணாம் ஹில்க்கா, சும்மா நின்னு காட்டைப் பாத்துட்டு இருக்கேன்" என்றார். கும்மிருட்டு! எந்தக் காட்டைப் பார்த்தார்? எதற்குப் பார்த்தார்?

பெயரைச் சொல்லவா? வேண்டாமா? சரி, அவரே கையைக் காட்டிவிட்டார்.

சைமிக்கு வருவோம். வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப், பின்னால் ஜாம் தடவிய பான்கேக். சூரியன் உதிக்க மறந்தாலும் நம் பள்ளிச் சமையற்கூடம் இதை மறக்காது. ஆனால் ஒரு வியாழனன்று பட்டாணி வரவில்லை. மீன் சூப், பான்கேக் கிடையாது என்று சாப்பாட்டுக்கூட வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகள் அதைப் படித்து ஒப்பாரி வைக்காத குறை. முதல் வகுப்புப் பொடியன்கூட எழுத்துக்கூட்டிப் படித்து அழுதான். அந்தத் துக்கவரிசையின் கடைசியில் ஒரே ஒரு மலர்ந்த முகம். சைமி. அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்தவள், பலகையை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு நான் மூணு பான்கேக் சாப்பிடுவேன்" என்றாள்.

நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மூன்றாம் வகுப்புக் குழந்தை. பலகையைப் பார்க்கிறாள், படிக்கவில்லை.

பிறகு தெரிந்தது. பக்கத்து இருக்கைத் தோழி வாசிப்பதைக் காதில் வாங்கி, பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து, முறை வரும்போது ஒப்பித்திருக்கிறாள். இரண்டு ஆண்டு. எவ்வளவு பெரிய மூளை வேண்டும் அதற்கு? அவ்வளவு பெரிய மூளையை ஒரு குழந்தை ஒளிந்துகொள்வதற்கே செலவழித்திருக்கிறாள். அவள் மௌனத்துக்கு நாம் பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்று அழுகை வந்தது என்பதை மேடையில் சொல்வதில் வெட்கமில்லை.

எஸ்கோவைக் கூப்பிட்டேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சைமிக்குப் படிக்க வரலைங்க எஸ்கோ."

எஸ்கோ தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"எனக்கும் வராம இருந்துச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை. அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

சபையோரே, இதுதான் நம் பெருமை, இதுதான் நம் பிழை. கேட்காமல் இருப்பதைப் பண்பு என்று கற்பித்துவிட்டோம். பிறகு, கேட்டவனுக்குத்தான் உதவி என்று விதி வைத்தால், கேட்கத் தெரியாத பிள்ளை எங்கே போகும்? அதனால்தான் சின்ன அறை. அதற்கு மனுப் போட வேண்டாம். மருத்துவர் சான்று வேண்டாம். ஆசிரியர் கண்ணில் பட்டால் போதும், அடுத்த நாளே வா கண்ணே என்று உட்காரவைத்துவிடலாம். கணக்கு வராத ஹாக்கி வீரன் வருவான், ஒரு மாதத்தில் போய்விடுவான். தலைமையாசிரியர் மகனே வந்தான், போனான், மறுபடி வந்தான். ஏறலாம், இறங்கலாம், ஏன் என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

சைமியும் வந்தாள். எழுத்து எழுத்தாக, சொல் சொல்லாக, சிடுசிடுத்து, சிணுங்கி, பென்சிலை எறிந்து, அதை அவளே பொறுக்கி. போன வாரம் சாமுலி என்னைத் தாழ்வாரத்தில் மடக்கினார்.

"ஹில்க்கா, இந்த சைமி வாயை மூடவே மாட்டேங்கறா. கேள்வி மேல கேள்வி. பாடம் நடத்த விடமாட்டேங்கறா."

நான் சொன்னேன்: "ரொம்ப நல்லா போகுது சாமுலி."

ஆனால் அவள் இன்னும் கரையேறவில்லை. பாதி வழியில் இருக்கிறாள். ஆகஸ்டில் பள்ளி திறக்கும்போது சின்ன அறை பூட்டிக் கிடந்தால், அவளுக்கு இரண்டே வழி. ஒன்று, வகுப்பில் மறுபடியும் வாயை மூடிக்கொள்வது. அல்லது விடியுமுன் டாக்சி ஏறி, தோழிகளை விட்டு, தெரியாத ஊரில் தனி வகுப்பு. அது தேவைப்படும் பிள்ளைக்கு அது வரம். தேவைப்படாத பிள்ளைக்கு அது நாடுகடத்தல்.

என்ன தர்மோ? "எல்லாத்தையும் உணர்ச்சியா பேசாதீங்க"வா? சரி, உணர்ச்சியை விடுகிறேன். உடம்பைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் உடம்பை.

ஏரிக்கரையில் நம் ஊர்ப் பொது நீராவிக் குளியலறை, அந்தச் சௌனாவில் நடுப்பலகை இற்றுப்போய், தச்சர் கழற்றிக்கொண்டு போயிருந்த வாரம் அது. கீழ்ப்பலகை இருக்கிறது, சூடு அதிகமான மேல்பலகை இருக்கிறது, நடுவில் காற்று. அன்று ஆண்கள் முறை. நான் அங்கே இல்லை. என் வீட்டுக்காரர் இருந்தார், அவரும் சாவோக்காரர்தான், பொறுப்பு யாருக்கு என்று முன்பே சொல்லிவிட்டேன். நம் மாண்புமிகு உறுப்பினர் கீழ்ப்பலகையில் உட்காரலாமா? கௌரவம் என்னாவது? ஒரே தாவு. மேலே போய்விட்டார். கைதட்டல்கூடக் கிடைத்ததாம். கீழே இருந்தவர்கள் மரியாதைக்குக் கேட்டிருக்கிறார்கள்:

"தர்மோண்ணே, சூடு போதுமா?"

"பரவாயில்ல."

பரவாயில்லை என்றால் நம்மூரில் என்ன அர்த்தம்? இன்னும் ஊற்று என்று அர்த்தம். கல்லில் ஒரு கரண்டித் தண்ணீர். புஸ்ஸென்று ஆவி.

"இப்பண்ணே?"

"பரவாயில்லப்பா."

இன்னொரு கரண்டி. அவர் வேகவைத்த நண்டு நிறத்துக்கு வந்துவிட்டார். இறங்க வேண்டும். கால் வைக்கப் பலகை இல்லை. குதித்தால் இடுப்பு போகும், கேட்டால் மானம் போகும். ஆக, வெந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து அடியில் போட்டு, "கால வைங்கண்ணே" என்றாராம். இறங்கியவர் நேரே ஏரியில் போய் விழுந்தார். அன்று மீன்களுக்கெல்லாம் வெந்நீர்க் குளியல்.

தர்மோவே சிரிக்கிறார். நல்ல மனிதர், அதனால்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன். ஐயா, ஐம்பது வயது ஆண்பிள்ளை, ஊரை ஆளுகிறவர், மன்றத்தில் மணிக்கணக்காகப் பேசுகிறவர், உங்களுக்கே "என்னால முடியல" என்ற இரண்டு சொல் வாயில் வரவில்லையே. ஒன்பது வயதுக் குழந்தைக்கு வருமா?

நடுப்படி என்பது என்ன? அது சலுகையா? இல்லை. அது தண்டனையா? இல்லை. அது தகுதிக் குறைவா? தடுக்கி விழுவது குறையா, தடுக்கியவரைத் தாண்டிப் போவது குறையா? எல்லாரும் ஏறவேண்டும் என்று உரக்கச் சொல்லிவிட்டு ஏணியின் நடுக்கட்டையை உருவுவது எந்த ஊர் நியாயம்? உரத்த குரல் உள்ளவனுக்கு உதவி கிடைக்கும், ஊமையாய் இருப்பவளுக்குக் கிடைக்காது என்றால், நாம் நடத்துவது பள்ளிக்கூடமா, ஏலக்கடையா? எல்லாப் பிள்ளைக்கும் என்று பள்ளி விதியில் எழுதினோமே. எல்லாப் பிள்ளைக்கும் என்றால் எல்லாப் பிள்ளைக்கும். ஓடும் பிள்ளைக்கும், ஒளியும் பிள்ளைக்கும், கேட்கும் பிள்ளைக்கும், கேட்காத பிள்ளைக்கும்.

தலைவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன் அம்மா. இன்னும் ஒரே ஒரு...

யாரது, கதவோரம்? எழுந்து நிற்பது யார்? எஸ்கோவா? வெளியே போகவா எழுந்தீர்கள்? இல்லையா? முன்னால் வருகிறீர்களா? வழிவிடுங்கள், வழிவிடுங்கள். ஒலிபெருக்கி வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள். எல்லாரும் காத்திருக்கிறோம். அவசரமே இல்லை.

"என் பொண்ணு இங்கயே படிக்கணும். என்னால தனியா முடியல. எனக்கு ஒத்தாசை பண்ணுங்க."

பின்வரிசைக்குக் கேட்டதா? அவர் மறுபடி சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் கேட்டதா?

தலைவர் அவர்களே, என் மிச்சப் பேச்சை நான் விழுங்கிவிட்டேன். வாக்கெடுப்பை இப்போதே வையுங்கள். அந்த மனிதர் தனியாக நின்றுகொண்டிருக்கிறார். இதுவரை பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி, இனி சின்ன அறைக்காக உயரப்போகும் உங்கள் கைகளுக்கு வணக்கம்.