மடை ரெக்கார்ட்ஸும் ஒரு புல்லாங்குழலும்

...இதும் ஒரு பாட்டுன்னு டிரைவரு பஸ்சு பூரா அலற வெச்சிருக்காரு பாருங்க. நானு பாட்டுக் கம்பெனி நடத்துனவனுங்க, அதனால சொல்றேன். மடை ரெக்கார்ட்ஸ். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பரவால்லீங்க, யாருமே பட்டதில்ல.

நல்லேப்பிள்ளில எங்க நெல்லுக் குடோன்லதானுங்க ஆரம்பிச்சேன். சினிமாப் பாட்டு இல்லீங்க, ராக்கு. மொத நாளு சத்தத்தக் கேட்டு, மோட்டாரு ரிப்பேருன்னு எங்கய்யன் மெக்கானிக்கக் கூட்டியாந்துட்டாரு. அவ்வளவு ரசனைங்க எங்க குடும்பத்துக்கு. சவுண்டு பாக்கறதுக்கு என்ற சிநேகிதன் சிவப்பிரகாஷ்.

அப்பறம் மூணாத்துலருந்து ஒரு பேண்டு வந்துச்சுங்க. டிரம்சு முனீஸ்வரன், தேயிலை ஃபேக்டரில வேல. பாடறது மௌனிகான்னு ஒரு புள்ள. எஸ்டேட்ல மண்ணு சரிஞ்சு அதோட அத்தை, ஊட்டோட போயிருச்சு. அதத்தான் பாடுச்சு. பாட்டா அது... கத்தலுங்க. சிவப்பிரகாஷ் அழுதுட்டான். நானு மூட்டைய எண்ணறாப்ல திரும்பிக்கிட்டேன்.

வெளிய உட்டதும் பாலக்காடு, கோயமுத்தூரு, எந்தக் காலேஜுக்குப் போனாலும் அந்தப் பாட்டுதானுங்க. நானும் கார்டுல 'நிறுவனர்'னு அடிச்சுக்கிட்டேன். கொஞ்சம் எளக்கிக் குடுத்தா கல்யாண மண்டபத்துக்கும் கூப்புடுவாங்கன்னு ஒரு நெனப்பு. அவிங்களக் கேக்காமப் பண்ணாதேன்னான் சிவப்பிரகாஷ். கம்பெனி யாருதுன்னு கேட்டேன். டிரம்ச எடுத்துப்போட்டு, கொழிஞ்சாம்பாறைப் பையன் ஒருத்தன வெச்சுப் புல்லாங்குழலச் சேத்து, புதுசா வெளியிட்டேன். எவ்வளவு இனிமைங்கறீங்க!

அந்தப் புள்ள ஃபோன் பண்ணுச்சுங்க. திட்டல.

"அண்ணே, எங்க அத்தை மண்ணுக்குள்ள கெடக்கையில, பக்கத்துல உக்காந்து புல்லாங்குழல் வாசிச்சது யாருண்ணே?"

'கொழிஞ்சாம்பாறை லிபின்'னேன்.

வெச்சுட்டுது. அப்பறம் அவிங்க யாரும் வரலீங்க. சிவப்பிரகாஷும் மைக்கத் தூக்கிக்கிட்டு அவிங்களோடவே போயிட்டான். இப்ப மூணாத்துல தனியா ஒரு கம்பெனி, நல்லா ஓடுதாமா. எனக்குக் குடோன்ல மறுபடி நெல்லுங்க. நெல்லு ரொம்ப மரியாதையானது. ஃபோன் பண்ணிக் கேள்வி கேக்கறதில்ல.

நாந்தான் கெடுத்தேனாமா. அழகு பண்றதுக்கு இப்ப அதுதான் பேரு போல. நீங்களே ரெண்டையும் கேட்டுட்டுச் சொல்லுங்க... இருங்க, ஃபோன எடுக்கறேன்... இது பழசு... புதுசு... புதுசு இதுல இல்லீங்க. நானு அத வெச்சுக்கறதில்ல.

ஏனுங்க, எந்திரிச்சிட்டீங்க? இது வேலந்தாவளமுங்க, கோயமுத்தூரு இன்னும் வரல... எறங்கறதுன்னா எறங்குங்க. பழைய பாட்டு ஓடிட்டிருக்குது, முடியட்டும். நானு கேட்டுக்கறேன்.