பட்டர் பேப்பர்ல போட்ட வட்டம்

மத்தியானம் ஒண்ணரை மணி. சோழபுரம் போற ரோட்டுல ஈ காக்கா இல்ல... ஏலே, நெருங்கி உக்காருங்க. ராத்திரிக்குத்தான் பேய் வரும்னு எவன் சொன்னான்?

என் கூட்டாளி எலியேசரோட மச்சான், சத்தியநேசன். தொண்ணூத்தொண்ணுல ஒரு கல்யாண போட்டோவக் குடுக்க சைக்கிள்ல போறான். மனசுல உறுத்தல். ஒரு தப்புப் பண்ணிட்டு வாரான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஸ்டூடியோவுல அவனுக்கு போட்டோவத் திருத்துற டச்சிங் வேலை. செத்தவுகளுக்குத் தனி போட்டோ இல்லைன்னா குரூப் போட்டோவக் கொண்டாருவாக. அது மேல பட்டர் பேப்பர ஒட்டி, அந்த மூஞ்சியச் சுத்தி வட்டம் போடுவான். கண்ணு மூடியிருந்தா, ‘மறைவு. கண்ணைத் திறக்கணும்’னு பக்கத்துல எழுதுவான். பொறவு பெருசா பிரிண்ட் போட்டுக் கண்ண வரைவான்.

அதுக்கு ரெண்டு நாள் முந்தி, செத்துப்போன ஒரு கெழவிக்கு அப்படி எழுதுனான். ஃபேன் காத்துல பேப்பர் பறந்துச்சு. எடுத்து ஒட்டுனான்... பக்கத்துல கெடந்த இந்தக் கல்யாண போட்டோ மேல. கோடு மங்கலா இருக்குன்னு பென்சில வேற அழுத்தி ஓட்டுனான். செத்த நேரம் கழிச்சுத்தான் பாக்கான். வட்டத்துக்குள்ள கல்யாணப் பொண்ணோட தங்கச்சி ஏசம்மாள். சிரிச்சுக்கிட்டிருக்கா. உசுரோட இருக்கிறவ. பேப்பரப் பிச்சான், போட்டோவுல தடம் விழுந்திருந்துச்சு. யாரு பாக்கப் போறான்னு கவருக்குள்ள போட்டுட்டான்.

புளியமரத்தடியில ஒரு பொண்ணு நிக்கா. கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. கிட்டப் போகப் போக ஸ்டூடியோ இருட்டு ரூம்ல அடிக்கிற அந்தப் புளிச்ச மருந்து வாடை... சர்... சர்...னு பென்சில் தேய்க்கிற சத்தம்.

“அண்ணே, எம் மூஞ்சில என்னத்த எழுதுனீக?”

தாண்டிப் போயித் திரும்பிப் பாத்தா யாருமில்ல.

சோழபுரத்துல வாசல் பூரா கூட்டம். காலையில படியில வழுக்கி விழுந்து ஏசம்மாள் போயிட்டா. அவ அம்மா பரிபூரணம் கவர வாங்கி நெஞ்சுல வச்சுக்கிட்டாக.

“நல்ல நேரத்துல கொண்டாந்தீக தம்பி. அவளுக்கு வேற போட்டோ இல்ல. இதுலயே எடுத்துக் குடுங்க.”

அவன் கவரத் திருப்பி வாங்கிக்கிட்டான்.

ஸ்டூடியோவுல பிரிச்சுப் பாத்தா, சிரிச்சுக்கிட்டிருந்தவ கண்ண மூடியிருக்கா. பிரிண்ட் போட்டுக் கண்ண வரைஞ்சான். காலையில மூடிக்கிச்சு. எட்டு வருசமா வரைஞ்சுக்கிட்டே இருக்கான். பரிபூரணம் மாசம் ஒருக்கா வந்து, “கண்ணு ஆயிருச்சா தம்பி?”ன்னு கேட்டுட்டுப் போறாக. நான்தான் எழுதுனேன்னு ஒரு வார்த்தை... அது மட்டும் அவன் வாயில வர மாட்டேங்கு.

நேத்து நானும் போயிருந்தேன். கல்யாண போட்டோவ எடுத்துக் காட்டுனான். ஏசம்மாளுக்குப் பக்கத்துல நிக்கிற பரிபூரணமும் கண்ண மூடியிருந்தாக.

வெளிய பெஞ்சுல அவுக உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டிருந்தாக. அவன் சொல்லல... நானும் சொல்லல.