நொடிக்கு ஆயிரம் ஏலம்

— திரையில அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கா, சுமலதா?

— சுத்துது, ரோஜே. நீ ஆபீஸ்ல உக்காந்து போன்ல கேக்கிற. இங்க தேங்காய்த்திட்டு துறைமுக கேட்ல எங்கம்மா ஏலத்துல எடுத்த வஞ்சிரக் கூடையோட நிக்குது. வாங்கினவங்க பேர் பிளாக்செயின் கணக்குல உறுதியாகி பச்சை விளக்கு எரிஞ்சாத்தான் வெளிய விடுவேன்னு வாட்ச்மேன் அடம் பிடிக்கிறாரு.

— அலோர், கொஞ்சம் பொறு. நம்ம ஏல ஆப் நொடிக்கு ஆயிரம் ஏலம் பதியும். நானே அளந்தேன்.

— உன் பிரெஞ்சு 'அலோர்' இருக்கட்டும். எப்ப அளந்த?

— மே மாசம்.

— மே மாசம் தடைக்காலம்பா! ஒரு படகு கடலுக்குப் போகலை. எதைப் பதிஞ்ச, காக்காயையா?

— ஆயிரம் பொய் ஏலம் அனுப்பினேன். ஒரே நொடியில உள்ள போயிடுச்சு.

— உள்ள போனதை எண்ணினியா? எல்லா கம்ப்யூட்டரும் சரிபார்த்து முடிச்சதை எண்ணினியா?

— ...உள்ள போனதை.

— நல்லா இருக்கே! கல்யாணத்துல வாசல்ல நுழைஞ்சவங்களை எண்ணிட்டு, எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னு சொல்றியா?

— அலோர், கிண்டல் பண்ணாத.

— இதுல காரைக்காலையும் சேர்க்கிறேன்னு வேற வாக்கு குடுத்திருக்க. ஒரு துறைமுகத்துக்கே மூச்சு முட்டுது. 'என்னை நம்பி வாங்க'ன்னு இந்த மீன்காரப் பொம்பளைங்களைக் கூட்டியாந்தது நான்பா. மீன் கெட்டா, நாளைக்கு எவ மூஞ்சியில முழிப்பேன்? எங்கம்மாவுக்கு முன்னாடி வரிசையில எத்தனை ஏலம் நிக்குது, பாரு.

— ஆயிரம்.

— இன்னிக்கு வந்ததே முந்நூறு கூடைதானே?

— அது... காலையில மீனவர் சங்கத் தலைவருக்கு வேகத்தைக் காட்டலாம்னு, அந்தப் பொய் ஏலத்தை மறுபடி அனுப்பினேன். ஆயிரமும் ஒரே கட்டா சரிபார்த்துக்கிட்டு இருக்கு. தோ, முடிஞ்சிடுச்சு!

— ஐ, பச்சை! எல்லா கூடைக்கும் பச்சை! பொம்பளைங்க கை தட்டறாங்க ரோஜே!

— நான் சொல்லலை?

— இரு, இரு. எங்கம்மா கூடை இன்னும் வரிசையிலதானே இருக்கு? பச்சை எப்படி வந்துச்சு? பொய் ஏலத்துல கூடைக்கு என்ன நம்பர் போட்ட?

— ஒண்ணுலேர்ந்து வரிசையா.

— நிஜக் கூடைக்கும் அதே நம்பர்தான்! முதல்ல பதிஞ்சவங்களுக்குத்தானே மீனு?

— அழிச்சுடலாம்.

— யாராலயும் அழிக்க முடியாதுன்னு சொல்லித்தானேபா வித்தோம்! வாங்கினது யார்னு போட்ட?

— அஞ்செல். எங்க மம்மா.

— அப்ப மம்மாவை லாரியோட வரச் சொல்லு. முந்நூறு கூடையும் அவங்களுதுன்னு வாட்ச்மேன் இறக்கி வெக்கிறாரு, எங்கம்மா தலையில இருந்ததையும் சேர்த்து.